பழைய பிரீமியம் ஹேட்ச்பேக்: ஏ3, 116ஐ, ஏ180, வி40, சிடி200எச். எந்த எஞ்சினை நம்பி வாங்கலாம்?

#1 பொங்கோல்வாசி

எல்லாருக்கும் வணக்கம். நீண்ட நாளாக இங்கே வாசித்து வருகிறேன், இப்போதுதான் எழுதுகிறேன். சிங்கப்பூரில் பழைய ஹேட்ச்பேக் ஒன்று வாங்க வேண்டும். வீட்டில் நான், மனைவி, ஏழு வயதுப் பையன். வார இறுதியில் அம்மாவும் கூட வருவார், அவருக்கு முழங்கால் வலி. தினமும் பொங்கோலிலிருந்து துவாஸுக்கு வேலைக்குப் போகிறேன். பெரும்பாலும் விரைவுச்சாலைதான், ஆனால் காலையில் அங்கே கார் ஓடுவதில்லை, ஊர்கிறது. அவ்வப்போது ஜோகூர், பள்ளி விடுமுறையில் மலாக்கா.

கையில் இருப்பதும் கடனும் சேர்த்து 70,000 வெள்ளி அளவு. பார்த்து வைத்திருப்பவை: ஆடி ஏ3 ஸ்போர்ட்பேக் 1.0, பிஎம்டபிள்யூ 116ஐ, மெர்சிடிஸ் ஏ180, வால்வோ வி40 டி2 (T2, பெட்ரோல்). நாலுமே 2018, 2019 பதிவு. மச்சான் லெக்சஸ் சிடி200எச்சைத் தவிர வேறு எதையும் பார்க்காதே என்கிறார்.

இரண்டு கேள்வி. மூன்று சிலிண்டர், 1.0 லிட்டர் எஞ்சின் நாலு பேரையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு, ஏர்கானும் ஓட, மலாக்கா வரை திணறாமல் போகுமா? ஏ3இல் வரும் டிஎஸ்ஜி (இரட்டைக் கிளட்ச் தானியங்கி) கியர்பாக்ஸ் பற்றிச் சொல்வதெல்லாம் எவ்வளவு உண்மை?

#2 கணக்குப்பிள்ளை

எஞ்சினைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லட்டும். அதற்கு முன் காகிதத்தைப் பார்த்துவிடுவோம். இந்த ஊரில் காரை வாங்குவது பாதி, அதன் மீதமுள்ள ஆயுளை வாங்குவது பாதி.

ஓர் உதாரணம். ஓஎம்வி (இறக்குமதி மதிப்பு) 24,000 வெள்ளி உள்ள ஒரு கார், சிஓஇ (ஏலத்தில் எடுக்கும் பத்து ஆண்டு உரிமம்) இன்னும் சரியாக 4 ஆண்டு, கேட்கும் விலை 70,800 என்று வைத்துக்கொள்ளுங்கள். 2019 விதிப்படி ஏஆர்எஃப் (ஓஎம்வியை வைத்துக் கணக்கிடும் கூடுதல் பதிவுக் கட்டணம்) முதல் 20,000க்கு நூறு விழுக்காடு, அதற்கு மேல் 140 விழுக்காடு. ஆக 25,600. பத்தாவது ஆண்டு முடிவில் அதில் பாதி, 12,800, பார்ஃப் (பதிவு நீக்கும்போது கிடைக்கும்) தள்ளுபடியாகத் திரும்ப வரும். மீதி 58,000ஐ நாலால் வகுத்தால் ஆண்டுக்கு 14,500. விளம்பரங்களில் போடும் தேய்மானக் கணக்கு இதுதான்.

ஆனால் விளம்பரத்தில் வராத கணக்கு ஒன்று உண்டு. அதே காரை வாங்கிய அன்றே பதிவு நீக்கினால் என்ன கிடைக்கும்? ஆறு ஆண்டு முடிகிற காருக்கு பார்ஃப் 70 விழுக்காடு, அதாவது 17,920. முதல் உரிமையாளர் சிஓஇக்கு 30,000 கட்டியிருந்தால் மீதமுள்ள நாலு ஆண்டுக்கு 12,000. கூட்டினால் 29,920. நீங்கள் கொடுப்பதோ 70,800. இடையில் உள்ள 40,000 வெள்ளிக்கும் மேலான தொகைக்குக் காகிதத்தில் எந்த ஆதாரமும் இல்லை. இன்று சிஓஇ ஏறிக் கிடப்பதால் சந்தை கொடுக்கும் விலை அது. சிஓஇயில் சிறிய கார்களுக்கான ஏ பிரிவு 2018 இறுதியில் 30,000க்கும் கீழே இருந்தது, 2023 அக்டோபரில் 106,000ஐத் தொட்டது. ஏறியது இறங்கவும் செய்யும். ஆகவே இடையில் விற்கலாம் என்ற நினைப்பில் வாங்காதீர்கள். சிஓஇ முடியும் வரை ஓட்டுகிற எண்ணம் இருந்தால் மட்டும் இந்த வயதுக் காரைத் தொடுங்கள். அப்படி ஓட்ட வேண்டுமானால் நாலு ஆண்டு தாங்குகிற எஞ்சினும் கியர்பாக்ஸும் வேண்டும். அங்கேதான் உங்கள் கேள்வி வருகிறது.

கடன்: ஓஎம்வி 20,000க்கு மேல் போனால் விலையில் 60 விழுக்காடுதான் கிடைக்கும், 20,000 அல்லது அதற்குக் கீழே என்றால் 70. இந்த உதாரணத்தில் 28,320 ரொக்கமாக வேண்டும்.

சாலை வரி எஞ்சின் கொள்ளளவைப் பொறுத்தது. ஆண்டுக்கு ஏ3 1.0க்கு 390 வெள்ளி அளவு, 1.5 எஞ்சினுக்கு 684, ஏ180இன் 1.6க்கு 740, சிடி200எச்சின் 1.8க்கு 975. வித்தியாசம் உண்டு, ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு கியர்பாக்ஸ் பழுது வந்தால் பல ஆண்டு வரி மிச்சத்தையும் அது விழுங்கிவிடும்.

#3 சின் மிங் பட்டறை

ஐரோப்பிய கார்களைப் பழுது பார்ப்பதுதான் என் தொழில். நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1.0 என்று பயப்பட வேண்டாம் தம்பி. ஏ3இல் உள்ளது டர்போ எஞ்சின், 85 கிலோவாட், 200 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. அந்த முறுக்குவிசை கீழ் வேகத்திலேயே வந்துவிடுகிறது. உங்கள் பட்டியலில் இருக்கும் ஏ180இன் 1.6 எஞ்சினுக்கும் அதே 200தான். 116ஐக்கு 180. நாலு பேரோடு வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் முந்தும்போது மட்டும் கொஞ்சம் முன்யோசனை வேண்டும், மற்றபடி திணறாது. நின்ற இடத்தில் ஒரு மெல்லிய நடுக்கம் இருக்கும், மூன்று சிலிண்டரின் இயல்பு அது. நடுக்கம் அதிகமாக இருந்தால் எஞ்சின் மவுண்ட் போயிருக்கிறது என்று பொருள். நம் வெயிலில் அந்த ரப்பர் சீக்கிரம் தளரும்.

அந்த எஞ்சினில் டைமிங் செயின் கிடையாது, பெல்ட்தான். முந்தைய தலைமுறை 1.4இல் செயின் நீண்டுபோன கதைகளைக் கேட்டுவிட்டு இதைப் பார்த்தும் பயப்படுகிறார்கள், இது வேறு எஞ்சின். இதில் பார்க்க வேண்டியது தண்ணீர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்த பிளாஸ்டிக் கூடு. எஞ்சினின் கியர்பாக்ஸ் பக்கத்தில் இருக்கும், அங்கிருந்து கூலன்ட் கசியும். கசிவு சொட்டாகத் தெரியாது, சூட்டில் காய்ந்துவிடும். டார்ச் அடித்துப் பார்த்தால் இளஞ்சிவப்பாக உப்புப் படிந்த மாதிரி ஒரு கோடு தெரியும். கூலன்ட் அளவு சரியாக இருக்கிறது என்று விற்பவர் சொன்னால் போதாது, நேற்றுதான் ஊற்றியிருப்பார்.

இப்போது டிஎஸ்ஜி. கேட்பதில் உண்மையும் உண்டு, பழைய கதையும் உண்டு. 1.0, 1.4 எஞ்சினோடு வருவது ஏழு கியர், உலர் கிளட்ச் வகை. 250 நியூட்டன் மீட்டர் வரைக்கும் என்று வடிவமைத்தது. கிளட்ச் எண்ணெயில் மூழ்கி இருக்காது, காற்றில்தான் சூடு ஆறும். விரைவுச்சாலையில் கார் ஊர்கிறது என்றீர்களே, அப்போது அந்த கிளட்ச் பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் உரசிக்கொண்டே இருக்கும். 2013 நவம்பரில் ஃபோக்ஸ்வேகன் உலகெங்கும் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து, இந்த வகை கியர்பாக்ஸில் இருந்த செயற்கை எண்ணெயை மாற்றிக் கனிம எண்ணெய் ஊற்றியது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊரில், நின்று நின்று போகும் ஓட்டத்தில், அந்த எண்ணெயால் மின்பகுதியில் கோளாறு வரலாம் என்பதே காரணம். நம் ஊரையே சொன்னது போல இருக்கிறது பாருங்கள். 2019 கார்கள் அதற்குப் பிறகு எவ்வளவோ திருத்தப்பட்டவை. ஆனாலும் உலர் கிளட்ச் தேயும் பொருள்தான், மெக்கட்ரானிக் என்கிற கட்டுப்பாட்டுப் பெட்டியும் பழுதாகலாம். பழுதானால் செலவு ஆயிரக்கணக்கில்.

மற்றவற்றுக்கு வருகிறேன். ஏ180இல் இருப்பது ஈரக் கிளட்ச், சூட்டைத் தாங்கும், ஆனால் கியர் எண்ணெயும் வடிகட்டியும் குறித்த காலத்தில் மாற்றியிருக்க வேண்டும். பில் கேளுங்கள். வி40 டி2இல் ஐசின் நிறுவனத்தின் ஆறு கியர், வழக்கமான டார்க் கன்வெர்ட்டர் (எண்ணெய் வழியாக விசையைக் கடத்துவது). வேகமில்லை, ஆனால் ஊர்ந்து போக அலுப்பே காட்டாது.

ஐந்து கார்களிலும் நேரடி எரிபொருள் செலுத்தும் முறை இல்லாதது சிடி200எச் மட்டும்தான். மற்ற நாலிலும் உள்வால்வில் கரி படியும். பக்கத்துக் கடைக்கும் பள்ளிக்கும் மட்டுமே ஓடிய கார் என்றால் இன்னும் அதிகம் படியும். குறைந்த ஓட்டம் என்று விளம்பரத்தில் பெருமையாகப் போடுவார்கள். விரைவுச்சாலையில் நன்றாக ஓடி, நேரத்துக்கு எண்ணெய் மாற்றிய 90,000 கிலோமீட்டர் கார், அப்படி நின்றே பழகிய 40,000 கிலோமீட்டர் காரைவிட எனக்கு மேல்.

#4 பின்சக்கரம்

பட்டறை அண்ணன் 116ஐயின் கியர்பாக்ஸைச் சொல்லாமல் விட்டுவிட்டார், நான் சொல்கிறேன். இசட்எஃப் நிறுவனத்தின் எட்டு கியர். இந்த அளவுக் காரில் இதைவிட நல்ல கியர்பாக்ஸ் நான் ஓட்டியதில்லை. பின்சக்கர இயக்கம் வேறு. ஸ்டீயரிங் கைக்குள் நிற்கும் சுகம் முன்சக்கர இயக்கத்தில் வராது.

ஆனால் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். 116ஐ என்ற பெயரில் மூன்று வெவ்வேறு கார்கள் சந்தையில் உண்டு. 2015க்கு முந்தையது 1.6 நாலு சிலிண்டர், 136 குதிரைத்திறன். அப்புறம் வந்தது 1.5 மூன்று சிலிண்டர், 109 குதிரைத்திறன். 2019இல் வந்த புதிய உருவமோ முன்சக்கர இயக்கம், அதில் இசட்எஃப் கிடையாது, இரட்டைக் கிளட்ச் ஏழு கியர். 2019 பதிவு என்றால் பழைய உருவமாகவும் இருக்கலாம், புதியதாகவும் இருக்கலாம். நேரில் பார்த்து உறுதி செய்யுங்கள்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். பின்னிருக்கையின் நடுவில் பின்சக்கரங்களைச் சுழற்றும் தண்டுக்கான மேடு இருக்கும், பின்கதவு குறுகல். உங்கள் அம்மாவின் முழங்காலுக்கு இது சரிவருமா என்பது சந்தேகம்தான். ரன்ஃப்ளாட் (காற்றுப் போனாலும் கொஞ்ச தூரம் ஓடும்) டயர் போட்ட கார்களில் மாற்றுச் சக்கரம் இருக்காது. மலாக்கா போகிறவர் இதை மனதில் வையுங்கள்.

என் யோசனை: கொஞ்சம் கூடப் போட்டு 118ஐ பாருங்கள். அதே 1.5, 136 குதிரைத்திறன். நாலு பேரோடு போகும்போது வித்தியாசம் தெரியும்.

#5 கணக்குப்பிள்ளை

118ஐ 100 கிலோவாட், ஆகவே சிஓஇயில் பெரிய கார்களுக்கான பி பிரிவு. 2014 பிப்ரவரியிலிருந்து ஏ பிரிவுக்கு 1,600 சிசி மட்டும் போதாது, 97 கிலோவாட்டுக்குள்ளும் இருக்க வேண்டும். 116ஐயின் 80, ஏ3இன் 85, ஏ180க்கும் வி40 டி2க்கும் 90 எல்லாம் அந்தக் கோட்டுக்கு உள்ளே நிற்பவை.

#6 பின்சக்கரம்

சரி அண்ணே, ஆனால் பழைய கார் வாங்குகிறவருக்கு அந்தப் பிரிவு எதற்கு? சிஓஇயை முதல் உரிமையாளர் கட்டிவிட்டார். நீங்கள் பார்ப்பது ஆண்டுத் தேய்மானம் மட்டும்தானே. 118ஐயின் தேய்மானம் 116ஐக்குப் பக்கத்தில் வந்தால் ஏன் விட வேண்டும்?

#7 கணக்குப்பிள்ளை

நியாயமான கேள்வி. சிஓஇ முடிந்ததும் காரை விடுவதாக இருந்தால் பிரிவு உங்களைத் தொடாது. புதுப்பிக்க நினைத்தால்தான் தொடும். அப்போது கடந்த மூன்று மாதச் சராசரி விலையை அந்தந்தப் பிரிவின்படி கட்ட வேண்டும், பார்ஃப் தொகையும் போய்விடும், பத்து வயதைத் தாண்டிய காருக்குச் சாலை வரியும் ஆண்டுக்கு 10 விழுக்காடாக 50 வரை ஏறும். பத்து வயது ஐரோப்பிய ஹேட்ச்பேக்குக்கு நான் அதைச் செய்ய மாட்டேன். சிடி200எச்சுக்கு வேண்டுமானால் யோசிக்கலாம், ஆனால் அது 1,798 சிசி, பி பிரிவு.

#8 தெம்பனிஸ் அக்கா

என்னிடம் சிடி200எச் இருக்கிறது. தம்பியின் மச்சான் சொல்வதில் பாதி சரி. கியர்பாக்ஸில் கிளட்சும் இல்லை, பெல்ட்டும் இல்லை, கோள்பற்சக்கரமும் இரண்டு மோட்டார்களும்தான். நெரிசலில் ஊர்வதற்கென்றே செய்தது போல இருக்கும். நெரிசல் நேரத்தில்தான் பெட்ரோல் மிச்சமும் தெரியும், பாதி நேரம் எஞ்சின் அணைந்தே கிடக்கும். மற்ற பாதியைப் பலர் சொல்வதில்லை. விரைவுச்சாலையில் அழுத்தி மிதித்தால் எஞ்சின் சத்தம் போடும், வேகம் அதற்கேற்ப வராது. பின்னிருக்கையும் தாராளம் என்று சொல்ல முடியாது.

வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது: பின் இருக்கைப் பக்கத்தில் மின்கலத்துக்குக் குளிர்காற்று போகும் துளை. அதில் தூசும் முடியும் அடைத்துக் கிடந்தால் மின்கலம் சூட்டிலேயே இருந்திருக்கிறது. எஞ்சின் மூன்றாம் தலைமுறை ப்ரியஸில் உள்ள அதே 1.8. புகை மறுசுழற்சிப் பாதை கரியால் அடைபடுவது அந்த எஞ்சினின் தெரிந்த குறை. சுத்தம் செய்த பில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஜப்பான் கார் என்றால் ஒன்றும் பார்க்க வேண்டாம் என்று நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டீலர் கொடுக்கும் உத்தரவாதத் தாளை உட்கார்ந்து முழுக்கப் படியுங்கள். எஞ்சின், கியர்பாக்ஸ் என்று பெரிய எழுத்தில் இருக்கும். மெக்கட்ரானிக் உள்ளே வருகிறதா, கிளட்ச் தேயும் பொருள் என்று விலக்கியிருக்கிறதா என்பது சிறிய எழுத்தில் இருக்கும். எங்கள் உறவினர் ஒருவர் ஒரு டீலரிடம் வாங்கிய கார் சில வாரங்களிலேயே கியர் மாறாமல் நின்றது. உத்தரவாதத்தில் அந்தப் பாகம் இல்லை என்று கைவிரித்தார்கள். பிறகு, குறையுள்ள பொருளுக்கு விற்ற கடையைப் பொறுப்பாக்கும் லெமன் சட்டத்தைச் சொல்லிக் கடிதம் எழுதிய பின்தான் சரி செய்து கொடுத்தார்கள். 2012 செப்டம்பரிலிருந்து இருக்கிறது அந்தச் சட்டம், பழைய கார்களுக்கும் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, விற்கும்போதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும். ஆனால் தனியாரிடம் நேரடியாக வாங்கினால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. விலை குறைவாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

#9 பொங்கோல்வாசி

எல்லாருக்கும் மிக்க நன்றி. சனிக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு பழைய கார் கடைகள் இருக்கும் ஊபி, காக்கி புக்கிட் பக்கம் போய் வந்தோம். 116ஐயில் அம்மா ஏறவே சிரமப்பட்டார், பின்சக்கரம் சொன்னது சரிதான். வி40இல் ஏறிவிட்டார், ஆனால் பின் சன்னல் சின்னது, உள்ளே இருட்டாக இருக்கிறது என்றார். பையனின் சைக்கிளும் பின்னால் போகாது. ஏ3தான் மூவருக்கும் பிடித்தது. டிக்கி 380 லிட்டர், கதவும் அகலம்.

இரண்டு ஏ3 பார்த்தோம். ஒன்று வெள்ளை, 48,000 கிலோமீட்டர், மூன்று கை மாறியது. இன்னொன்று சாம்பல் நிறம், 83,000, ஒரே உரிமையாளர், விலை சற்றுக் குறைவு. வெள்ளைக் கார் பார்க்க அவ்வளவு அழகு. பட்டறை அண்ணே, ஓட்டிப் பார்க்கும்போது என்ன செய்ய வேண்டும்?

#10 சின் மிங் பட்டறை

விற்பவர் எஞ்சினைச் சூடாக்கி வைத்திருக்கக் கூடாது, காலையில் முதல் ஆளாகப் போங்கள். போனெட்டில் கை வைத்துப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் ரேடியோவை அணைத்துவிட்டுக் காது கொடுங்கள்.

அப்புறம் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடம் ஒன்றுக்குப் போங்கள், இந்தச் சோதனைக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஏற்றத்தில் பாதியில் நிறுத்துங்கள். பிரேக்கிலிருந்து காலை எடுத்து, பெட்ரோல் பெடலை மிக மெதுவாகத் தொட்டு ஊர விடுங்கள். நல்ல கிளட்ச் வழுவழுப்பாகப் பிடிக்கும். தேய்ந்ததாக இருந்தால் இருக்கைக்குக் கீழே தடதடவென்று அதிரும். அதையே இரண்டு மூன்று தளம் செய்யுங்கள், சூடேறிய பிறகுதான் சில கியர்பாக்ஸ்கள் குணத்தைக் காட்டும். ரிவர்ஸிலும் ஏற்றத்தில் ஒருமுறை. சமதளத்தில் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும் இடத்தையும் கவனியுங்கள். திரையில் கியர் எழுத்து மின்னினாலோ திருகுச்சாவி அடையாளம் வந்தாலோ அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள்.

ஓட்டிப் பார்த்துத் திருப்தி என்றால் கருவி போட்டுப் படிக்கச் சொல்லுங்கள். கிளட்சில் எவ்வளவு மிச்சம் என்று கியர்பாக்ஸ் கணினியே மதிப்பு காட்டும். அழிக்கப்பட்ட கோளாறுக் குறிப்புகளையும் ஓரளவு ஊகிக்கலாம். எல்லா அமைப்பும் ஒரே நாளில், ஒரே கிலோமீட்டரில் சுத்தமாக இருந்தால், யாரோ விற்பதற்கு முன் துடைத்திருக்கிறார்கள்.

வண்ணத்துக்கு மயங்காதீர்கள் தம்பி. மூன்று கை மாறிய குறைந்த ஓட்டக் கார் ஏன் கை மாறியது என்று கேளுங்கள்.

#11 தெம்பனிஸ் அக்கா

முன்பணம் கொடுக்கும் முன் விகாம் அல்லது எஸ்டிஏ சோதனை நிலையத்தில் பழைய கார் மதிப்பீட்டுச் சோதனை செய்துவிடுங்கள். அதில் பெரிய குறை வந்தால் முன்பணம் முழுக்கத் திரும்பும் என்று ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். பதிவு விவரத்தில் குறைந்தபட்ச பார்ஃப் தொகை அச்சாகி இருக்கும், விளம்பரத்தில் போட்ட தொகையோடு ஒப்பிடுங்கள்.

#12 பொங்கோல்வாசி

சொன்னபடியே செய்தேன். வெள்ளைக் காரை இரண்டாம் தளம் ஏற்றும்போதே அதிர்வு தெரிந்தது. விற்பவர் எல்லா டிஎஸ்ஜியும் இப்படித்தான் என்றார். சோதனைக்கு அனுப்பலாமா என்றால், இன்னொருவர் முன்பணம் கொடுக்க வருகிறார், இன்றே முடிவு சொல்லுங்கள் என்றார். வந்துவிட்டோம்.

சாம்பல் கார் அப்படி இல்லை. ஐந்து தளம் ஏற்றியும் அதிரவில்லை. சர்வீஸ் கோப்பு முழுசாக இருக்கிறது, எண்ணெய் மாற்றம் எதுவும் தவறவில்லை. மெக்கட்ரானிக் ஒருமுறை அங்கீகரிக்கப்பட்ட முகவரிடம் மாற்றியதற்குப் பில்லும் உண்டு. மதிப்பீட்டுச் சோதனையில் எஞ்சின் மவுண்ட் ஒன்று தளர்வு, முன் பிரேக் தட்டு தேய்வு, தண்ணீர் பம்ப் கூட்டில் இளஞ்சிவப்புப் படிவு. கேட்டதும் பம்பையும் மவுண்டையும் மாற்றித் தருவதாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மெக்கட்ரானிக் மாற்றிய காரை வாங்கலாமா, அதுதான் என் ஒரே தயக்கம்.

#13 சின் மிங் பட்டறை

அது குறையாகத் தெரிகிறது, ஆனால் அந்தக் காரில் எனக்குப் பிடித்ததே அதுதான். பழைய பெட்டிக்குப் பதில் புதியது, பில்லும் இருக்கிறது. வாங்குங்கள். ஆனாலும் உலர் கிளட்ச்தான் என்பதை மறக்காமல் 5,000 வெள்ளியைத் தனியாக வையுங்கள். கடன் கணக்கில் அதையும் சேர்த்து இழுக்காதீர்கள்.

ஓட்டும் முறையும் முக்கியம். நெரிசலில் முன்னால் உள்ள காரை ஒட்டி ஊராதீர்கள். இடம் விட்டு நில்லுங்கள், இரண்டு மூன்று கார் நீளம் விழுந்த பிறகு நகருங்கள். சிக்னலில் பிரேக்கை முழுசாக அழுத்தி நிற்க வேண்டும், பாதி அழுத்தினால் கிளட்ச் பிடிக்கப் பார்க்கும். ஏற்றத்தில் காரை பெடலால் தாங்கி நிறுத்தவே கூடாது. துவாஸ் போய்வருகிற உங்களுக்கு இது மட்டுமே கிளட்சின் ஆயுளைப் பல ஆண்டு கூட்டும்.

#14 பின்சக்கரம்

இசட்எஃப் கிடைக்காமல் போனது வருத்தம்தான், ஆனால் அம்மா ஏற முடியாத கார் எதற்கு. வாழ்த்துகள்.

#15 தெம்பனிஸ் அக்கா

ஜோகூர் போவதால் ஒன்று. 2025 ஜூலையிலிருந்து விஇபி (மலேசியாவின் வெளிநாட்டு வாகன நுழைவு அனுமதி) இல்லாமல் உள்ளே போனால் அபராதம். அந்தக் காருக்குப் பழைய உரிமையாளர் பதிந்து வைத்திருந்தால், அவர் நீக்கிய பிறகுதான் உங்கள் பெயரில் பதிய முடியும். பெயர் மாற்றும் நாளிலேயே டீலர் மூலமாகக் கேட்டு நீக்கச் சொல்லிவிடுங்கள், பிறகு ஆளைத் தேட முடியாது. போகும்போது தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். அங்கே சிங்கப்பூர்க் காருக்கு 95 வகைப் பெட்ரோல் போடக் கூடாது, 97தான்.

#16 பொங்கோல்வாசி

விஇபி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை அக்கா, டீலருக்கு இப்போதே செய்தி அனுப்பிவிட்டேன். பம்ப் மாற்றி முடித்ததும் பட்டறை அண்ணனிடம் ஒருமுறை கருவி போட்டுப் பார்க்கக் கொண்டு வருகிறேன். வெள்ளிக்கிழமை மாலை வரலாமா அண்ணே?

#17 சின் மிங் பட்டறை

ஆறு மணிக்குள் வந்துவிடுங்கள். பழைய பம்பைக் கையோடு வாங்கி வாருங்கள், உண்மையிலேயே மாற்றினார்களா என்று பார்த்துவிடலாம்.